வாயில பண்ணிக் காட்டுங்க

நாங்கள் வீடு பார்க்கப் போன அன்று சைவமா அசைவமா என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை. எந்த ஊரு, என்ன வேலை, குழந்தை இருக்கா, ஒன்றும் கிடையாது. சுந்தராபுரத்தில் ஒரு சந்தின் கடைசி வீட்டில் மாடி காலியாக இருக்கிறதென்று கேள்விப்பட்டு நானும் என் மனைவி செல்வியும் போயிருந்தோம். கேட்டுக்கு உள்ளே, போர்டிகோவில், அந்தக் காலத்து வெள்ளைச் சின்னக் கார் ஒன்று பானெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. பானெட்டுக்குள் ஒரு அம்மாள் பாதி உடம்பு கவிழ்ந்து கிடந்தார். சேலைக்கு மேல் ஆம்பளை காக்கிச் சட்டை, முழங்கை வரைக்கும் மடித்து விட்டது.

நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கம் கரி விரல் பதிந்திருந்தது.

"ஏனுங்க தம்பி, இவ்வளவு நேரம் கேட்டுக்கு வெளிய நின்னீங்களே, வண்டி என்ன சத்தம் போட்டுதுங்க?"

"நல்லாச் சத்தமா இருந்துச்சுங்கம்மா."

"அது செரிங்க. என்ன சத்தம்? வாயில பண்ணிக் காட்டுங்க."

நான் தெருவைத் திரும்பிப் பார்த்தேன். பூக்காரம்மா ஒருத்தி போய்க்கொண்டிருந்தாள். நூல் வியாபாரக் கம்பெனி ஆபீசில் என்னை நாலு பேர் சார் என்று கூப்பிடுகிறார்கள். கல்யாணமானவன் வேறு. இருந்தாலும் வீடு வேண்டுமே. தொண்டையைச் செருமிக்கொண்டு "டுர்ர்ர்" என்றேன்.

"எல்லா வண்டியும் டுர்ர்ருன்னுதானுங்க போகும்" என்று என்னைத் தள்ளுபடி செய்துவிட்டுச் செல்வியைப் பார்த்தார். அவள் வெட்கமே இல்லாமல் ஒரு எட்டு முன்னே வந்து, "டுடுடு-ப், டுடுடு-ப். நடுநடுவுல ஒண்ண முழுங்குதுங்க" என்றாள்.

அந்த அம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படிச் சொல்லுங்க அம்மணி! மூணு சிலிண்டர்ல ஒண்ணு எரியறதில்லை" என்று கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "மேல போய்ப் பாருங்க. தண்ணி உப்புத்தான், ஆனா நிக்காம வரும்." எங்களுக்கு வீடு கிடைத்தது இப்படித்தான். பல வருஷம் குடியிருந்தும், செல்விக்குத்தான் வீடு கொடுத்தார், என்னைக் கூடச் சேர்த்துக்கொண்டார் என்கிற எண்ணம் எனக்குப் போகவே இல்லை.

ஓனரம்மா என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். அவரும் அவர் வீட்டுக்காரரும் தொழிற்பேட்டையில் தண்ணீர் மோட்டார் பட்டறை நடத்தியவர்கள். வீட்டுக்காரர் தவறிய பிறகும் இவர் தனியாளாகப் பட்டறையைப் பார்த்திருக்கிறார். பிறகு மூடிவிட்டார். கார் வீட்டுக்காரர் வாங்கியது. இவருக்கு மோட்டார் தெரியுமே தவிர கார் தெரியாது. ஒரு தடவை மெக்கானிக்கிடம் விட்டபோது அவர் பானெட்டைத் திறந்தும் திறக்காமலும் "மாத்திறலாங்க" என்றாராம். அந்த வார்த்தைதான் இவருக்கு ஆகாது. "எதனாலன்னு தெரியாம எதைங்க மாத்தறது?" என்று வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்தவர், அதற்குப் பிறகு வெளியே விடவே இல்லை.

வீட்டிலேயே பார்ப்பதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் வாய்ச்சத்தம். யார் கேட்டார்களோ அவர்கள் செய்து காட்ட வேண்டும். "கடகடன்னா உள்ளுக்குள்ள. லொடலொடன்னா வெளிய ஏதோ கழண்டிருக்குது. நறநறன்னா கிரீஸ் இல்லை. உஸ்ஸுன்னா எங்கியோ காத்துப் போகுது" என்று வைத்தியர் நாடி பார்த்த மாதிரி சொல்லுவார். அடுத்தது கேள்விகள். காலையில எடுத்ததுமா, சூடான பொறகா? மேட்டுல ஏர்றப்பவா, எறங்கறப்பவா? அதற்கும் பிறகுதான் கையில் ஸ்பேனர் எடுப்பார். எடுத்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தொடுவார். "ரெண்டையும் சேத்துச் செஞ்சுபோட்டா எதுனால செரியாச்சுன்னு எப்படிங்க தெரியும்?" சரியாகிவிட்டது என்றும் லேசில் சொல்ல மாட்டார். மதுக்கரை வரைக்கும் ஒரு நடை ஓட்டிப் போய்த் திரும்பி வந்து, வண்டியை நிறுத்தி, கீழே சொட்டு விழுகிறதா என்று குனிந்து பார்த்த பிறகுதான் "ம்" என்பார்.

அன்றைக்கு அந்த மூன்றில் ஒன்றை அவர் கண்டுபிடித்ததை மாடிப்படியில் நின்று பார்த்தேன். எவர்சில்வர் டம்ளரில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி, ஓடுகிற எஞ்சினின் ஏர் ஃபில்டர் மூடிமேல் வைத்தார். பிளக்குக்குப் போகிற ஒயர்களைக் காய்ந்த துணியால் பிடித்து ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். ஒன்றைக் கழற்றியபோது தண்ணீர் தத்தளித்தது. இன்னொன்றுக்கும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றியபோது தண்ணீர் முன்னே எப்படி ஆடியதோ அப்படியே ஆடியது. "இவந்தான் வேலை செய்யாம சம்பளம் வாங்கறவன்" என்றார். கடைசியில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் மயிரிழை போல ஒரு விரிசல் இருந்தது. அதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் எங்களுக்குக் காப்பி வந்தது.

காது வைத்துக் கேட்கிற வேலைக்கு மெக்கானிக்குகள் நீளமான ஸ்குரூ டிரைவரை எஞ்சினில் ஊன்றிப் பிடியைக் காதில் வைப்பார்கள். ஓனரம்மா மரப்பிடியைப் பல்லில் கடித்துக்கொள்வார். கண்ணை மூடிக்கொண்டு, பிடியைக் கவ்விக்கொண்டு, எஞ்சின்மேல் குனிந்து நிற்கிற அந்தக் கோலத்தை முதன்முதலாகப் பார்க்கிற யாரும் கொஞ்சம் பயந்துதான் போவார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த என் மாமனார் படியேறி வந்ததும், "கீழ அந்தம்மாவுக்கு ஒண்ணும் இல்லீல்ல?" என்று ரகசியமாகக் கேட்டார்.

தெருவில் ஒருத்தரும் தப்ப முடியாது. பால்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், எதிர்வீட்டு ரிட்டயர்டு தாசில்தார், எல்லோரையும் நிறுத்தி வைத்து வாயில் பண்ணச் சொல்லுவார். சொல்லுகிறவர்களின் வாயையே இமைக்காமல் பார்ப்பார். பெண்களாக இருந்தால் தொண்டையில் இரண்டு விரலை வைத்துப் பார்ப்பார். தாசில்தார் மட்டும் ரொம்ப நாள் பிகு செய்துகொண்டிருந்தார். ஒரு காலையில் அவரும் காம்பவுண்டுக்கு மேலே எட்டி "கிரீச், கிரீச்" என்று கத்துவதைக் கேட்டேன். அன்றைக்குத்தான் நானும் மனதார அந்தத் தெருக்காரன் ஆனேன்.

இதையெல்லாம் வைத்து அவர் கணிப்பு எப்போதும் சரியாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. நன்றாகத் தப்புப் பண்ணுவார். ஒரு தடவை பின்பக்கம் ஏதோ சத்தம். என்னைக் கேட்டார். "டொக், டொக்" என்றேன். அதை நம்பிப் பின்சக்கரத்தைக் கழற்றி, ஷாக் அப்சார்பர் புஷ்ஷை மாற்றி, பிறகு அடுத்த பக்கத்தையும் மாற்றி, மதுக்கரைக்கும் வீட்டுக்குமாக நடையாய் நடந்தும் சத்தம் போகவில்லை. ஊருக்குப் போயிருந்த செல்வி திரும்பி வந்து பின்சீட்டில் உட்கார்ந்து போய்விட்டு, "டொக் இல்லீங்கம்மா. உருண்டு வந்து முட்டுது. கொடகொட-லொட்" என்றாள். ஓனரம்மா வண்டியை நிறுத்தி, டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னிச் சக்கரத்தைத் தூக்கினார். அடியில் முற்றின தேங்காய் ஒன்று கிடந்தது. பொள்ளாச்சிப் பக்கம் அவர் சொந்தக்காரர் தோப்பிலிருந்து வந்த மூட்டையிலிருந்து தப்பி ஒளிந்தது. அவர் அந்தத் தேங்காயை எடுத்து என் கையில் கொடுத்தார். "கார் பொய் சொல்லாதுங்க தம்பி. உள்ள உக்காந்திருக்கறவந்தான் சொல்லுவான்" என்றார். அன்றைய சட்னி எனக்கு இறங்கவில்லை.

அவருக்குக் காது கேட்கவில்லை என்பதைக் கண்டுபிடித்ததும் செல்விதான். ஒரு நாள் கீழே குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. இவள் இறங்கிப் போய்ப் பார்த்தால், ஓனரம்மா அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறார். செல்வி அடுப்பை அணைத்தாள். அவர் திரும்பவில்லை. முன்னால் போய் நின்ற பிறகுதான் திடுக்கிட்டு நிமிர்ந்தாராம். கத்தியைக் கீழே வைத்துவிட்டாராம்.

"பட்டறையில எல்லா லேத்தும் கிரைண்டரும் ஒண்ணாத்தானுங்க அம்மணி ஓடும். அப்பெல்லாம் பஞ்சு வெச்சுக்கோணும்னு யாருக்குத் தெரியும்?" என்றாராம். "தடிச்ச சத்தம் கொஞ்சம் வருது. சன்னமானதெல்லாம் போயிருச்சு. எம் புள்ளைகிட்டச் சொல்லிப்போடாதீங்க."

மேலே வந்து செல்வி இதைச் சொன்னபோது எனக்கு அந்த வாயையே பார்க்கிற பார்வை, தொண்டையில் விரல் வைப்பது, பல்லில் கடிக்கிற ஸ்குரூ டிரைவர், டம்ளர் தண்ணீர் எல்லாம் விளங்கிவிட்டது. எங்களையெல்லாம் கோமாளியாக்குகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் எங்கள் காதை இரவல் வாங்கிக்கொண்டிருந்தார்.

மகளிடம் ஏன் சொல்லக் கூடாது என்பதற்கும் காரணம் இருந்தது. மகள் ஒரே பெண், பெங்களூரில் வேலை. காரை விற்றுவிடு, நீ ஓட்டினது போதும் என்று வருகிறபோதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். காது விஷயம் தெரிந்தால் அன்றைக்கே சாவி போய்விடும். சாவி போனால் பொள்ளாச்சி போய்விடும்.

பொள்ளாச்சி தாண்டி ஒரு தென்னந்தோப்பு வீட்டில் அவருடைய அக்கா இருந்தார். இடுப்பு ஒடிந்து படுக்கையில் கிடந்தவர். பஸ்ஸில் போனால் இறங்குகிற இடத்திலிருந்து தோப்புக்கு வெகுதூரம் நடக்க வேண்டும். ஓனரம்மாவின் முழங்கால் அதற்கு ஒத்துக்கொள்ளாது. ஃபோனில் பேசலாமே என்று யாரும் சொல்லுவார்கள். ஃபோன் அவருக்கு வெறும் இரைச்சல். அக்காவிடம் பேச வேண்டுமானால் எதிரில் உட்கார்ந்து வாயைப் பார்க்க வேண்டும். எதிரில் உட்கார வேண்டுமானால் கார் வேண்டும். அந்தக் கிழட்டுக் காரை அவர் ஏன் அப்படிப் பார்த்துப் பார்த்து ஓட வைத்தார் என்று யாராவது என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்லுவேன்.

ஒரு தடவை எங்களையும் கூட்டிப் போனார். நல்ல வெயில். கிணத்துக்கடவு தாண்டியதும் வண்டி இருமி, குலுங்கி, நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். இவர் நிதானமாக இறங்கி அவரைப் பார்த்துக் கும்பிட்டார். பானெட்டைத் திறந்து பெட்ரோல் பம்பை விரலால் தொட்டுவிட்டுக் கையை உதறினார். "ஒண்ணுமில்லீங்க. சூட்டுல பெட்ரோலு ஆவியாப் போயிருது. குளிர வெச்சா எந்திரிச்சுக்கும். தம்பி, உங்க துண்டைக் குடுங்க." என் புதுத் துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பம்புக்குச் சுற்றிவிட்டு, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எங்களுக்குக் கொய்யாப்பழம் நறுக்கிக் கொடுத்தார். பழம் தீர்வதற்குள் வண்டி எழுந்துகொண்டது. துண்டு அதற்குப் பிறகு துண்டாக இல்லை.

தோப்பு வீட்டில் இரண்டு பேரும் பேசுவதை அன்று பார்த்தேன். அக்கா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். தங்கை நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டப் போட்டுக்கொண்டு முகத்துக்கு நேரே முகம் வைத்திருந்தார். அவர்கள் வீட்டில் தெலுங்கு. எனக்குப் பாதி புரியவில்லை. மருமகளைப் பற்றியும் மஞ்சள் விலை பற்றியும் ஏதோ ஓடியது. அக்கா சொல்லச் சொல்ல, தங்கையின் உதடும் கூடவே சத்தமில்லாமல் அசைந்தது. இடையில் இரண்டு பேரும் எதற்கோ சிரித்து, அக்காவுக்குப் புரையேறி, தங்கை தலையில் தட்டினார். நான் வெளியே வந்து தென்னை மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த அம்மாளிடமிருந்து இதை யாரும் பிடுங்கிவிடக் கூடாதே என்று இருந்தது.

பிடுங்க வந்தாள். மகளைக் குறை சொல்லவில்லை. அம்மாமேல் உள்ள அக்கறையில்தான் வந்தாள். ஒரு சனிக்கிழமை திடுதிப்பென்று வந்து இறங்கி, மறுநாள் பழைய கார் வியாபாரி ஒருத்தர் வந்து பார்ப்பார் என்றாள். "உனக்கும் வயசாச்சு, அதுக்கும் வயசாச்சு. ரெண்டு பேரும் ரோட்டுல போனது போதும். பெரியம்மாகிட்ட தினம் ஃபோன்ல பேசிக்கோ." ஓனரம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். "விக்கறதுக்கு முன்னாடி மதுக்கரை வரைக்கும் ஒரு நடை போயிட்டு வரலாம் கண்ணு" என்றார். படியருகில் வந்து, "அம்மணி, நீங்களும் வாங்க" என்று செல்வியை அழைத்தார். எதற்கென்று எங்களுக்குத் தெரியும். நானும் தொற்றிக்கொண்டேன்.

மகள் ஓட்டினாள். அம்மா பக்கத்தில். நாங்கள் பின்சீட்டில். கொஞ்ச தூரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. மதுக்கரை மார்க்கெட் பக்கம் வண்டியைத் திருப்புகிறபோது முன்னாலிருந்து சத்தம் வந்தது. செல்வி என் கையைக் கிள்ளினாள்.

"அம்மா, இது என்ன சத்தம்?" என்றாள் மகள்.

ஓனரம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா!"

சுவரில் யாரோ எழுதியிருந்த விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தார். செல்வி பின்னாலிருந்து அவர் தோளைத் தொடக் கையை நீட்டினாள். அதற்குள் மகள் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டாள். அம்மாவின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். அவர்களுக்குள் பேச்சு தெலுங்கும் தமிழும் கலந்துதான் ஓடும். கோபம் வந்தால் மட்டும் முழுக்கத் தமிழுக்கு மாறிவிடுவார்கள். தமிழுக்கு மாறினாள்.

"உனக்கு அந்தச் சத்தம் கேக்கலையா?"

"எப்படி இருந்துச்சு கண்ணு? வாயில பண்ணிக் காட்டு."

"அதை நான் கேக்கலை. உனக்குக் கேட்டுச்சா, கேக்கலையா?"

ஓனரம்மா கண்ணாடியைக் கழற்றித் தலைப்பில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"கேக்கலை கண்ணு. பட்டறை மூடறதுக்கு முன்னாடியே போயிருச்சு."

"அப்ப ஃபோன்ல நான் பேசறது?"

"நீ என்ன கேப்பேன்னு எனக்குத் தெரியாதா? சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, கால் வலி எப்படி இருக்குது. நானா வரிசையாச் சொல்லிப்போடுவேன். அப்புறம் டவர் இல்லைன்னு வெச்சுருவேன்."

மகள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். பிறகு திரும்பி, அம்மாவுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"போன மாசம் எனக்கு வேலை போயிருச்சும்மா. அன்னிக்கே உனக்குத்தான் ஃபோன் பண்ணிச் சொன்னேன். நீ 'ரொம்பச் சந்தோசம் கண்ணு, உடம்பைப் பாத்துக்கோ'ன்னு சொல்லி வெச்சுட்டே."

செல்வி அழுதேவிட்டாள். ஓனரம்மா மகளின் மோவாயைப் பிடித்துக்கொண்டு, "என்ன சொன்னே? இன்னொருக்காச் சொல்லு" என்றார். புரியாமல் கேட்கவில்லை. அவள் இன்னொரு முறை சொன்னாள். இந்த முறை அழுதுகொண்டே சொன்னாள். அம்மா அவள் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கன்னத்தைத் துடைத்து, முந்தானையால் மூக்கையும் துடைத்துவிட்டார். சிமெண்ட் லாரிகள் காரை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தன.

அழுது முடித்து மகள்தான் ஆரம்பித்தாள். "டக்... டக்... டக்..." என்றாள்.

அம்மாவின் இரண்டு விரல்களும் அவள் தொண்டைக்குப் போயின. "எப்ப?"

"திருப்பறப்ப மட்டும்."

"எந்தப் பக்கம் திருப்பறப்ப?"

"வலது பக்கம்."

"அப்ப இடது சக்கரத்து ஜாயிண்டு. கிரீஸ் வெளிய போயிருக்கும்" என்றார் ஓனரம்மா. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ரப்பர் கிழிஞ்சிருக்குதான்னு நாளைக்குப் பாக்கோணும்" என்றார்.

மறுநாள் அந்த வியாபாரி வந்தபோது வண்டி ஜாக்கிமேல் நின்றது. இடது முன்சக்கரம் சுவரில் சாய்ந்திருந்தது. ஓனரம்மா அடியில் கிடந்தார். பெரிய நட்டு இறுகிப்போய், அதைக் கழற்ற ஸ்பேனரில் பைப்பு சொருகி, பெங்களூரிலிருந்து வந்த மகள் அதன்மேல் ஏறி நின்று குதித்த கூத்து அதற்கு முன்பே முடிந்திருந்தது. அவள் நெற்றியெல்லாம் கிரீஸ். வியாபாரி சக்கரத்தைப் பார்த்தார், கிழிந்த ரப்பரைப் பார்த்தார், வண்டிக்கடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கால்களைப் பார்த்தார். "அப்புறமா வாரேனுங்க" என்று போனவர் வரவே இல்லை.

சாவி ஓனரம்மாவிடமே இருந்தது. காது மெஷின் மாட்டாமல் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று மகள் ஒரு நிபந்தனை போட்டாள். மாட்டிக்கொண்டார். ஹாரன் கேட்டது. ரிப்பேர் பார்க்கிறபோது மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். "இதை வெச்சா எல்லாச் சத்தமும் சந்தைக்கடையாட்டம் ஒண்ணா வருதுங்க. நீங்க வாயில பண்ணிக் காட்டுங்க" என்பார். மெஷின் வைத்தும் ஃபோன் பேச்சு மட்டும் பிடிபடவே இல்லை. மகள் அடுத்த வேலை கிடைக்கிற வரைக்கும் இங்கேயே இருந்தாள். அம்மாவைப் பொள்ளாச்சிக்கு அவள்தான் ஓட்டிப் போனாள். பெரியம்மாவும் அம்மாவும் பேசுவதை அவளும் என்னைப் போலவே வாசலில் நின்று பார்த்திருக்க வேண்டும். வந்த பிறகு பெரியம்மாவிடம் ஃபோனில் பேசு என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

பிறகு எனக்குப் பெருந்துறை ஆபீசுக்கு மாற்றலாகி நாங்கள் வீட்டைக் காலி செய்தோம். பொள்ளாச்சி அக்கா தவறிவிட்டார் என்ற செய்தி தாமதமாகத்தான் தெரிந்தது. துக்கம் கேட்கப் போனோம். கார் போர்டிகோவில் உறை போர்த்தி நின்றது. ஓனரம்மா நன்றாகத்தான் பேசினார். காப்பி கொடுத்தார். வெளியே வந்ததும் செல்வி, "பாத்தீங்களா, நகத்துல கரியே இல்லை" என்றாள். அதைக் கேட்டதும் எனக்குத் துக்கம் கேட்டபோது வராத துக்கம் வந்தது.

போன தைக்கு மறுபடி போனோம். கேட்டைத் திறக்கும்போதே உள்ளே "கர்ர்ர்-டப், கர்ர்ர்-டப்" என்று சத்தம். எட்டிப் பார்த்தால் ஓனரம்மா சாப்பாட்டு மேசையில் செல்ஃபோனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஃபோனுக்குள் மகள், கன்னத்தை உப்பிக்கொண்டு வாயால் சத்தம் செய்துகொண்டிருந்தாள். ஓனரம்மா ஃபோன் கண்ணாடிமேல், மகளின் தொண்டை தெரிகிற இடத்தில், இரண்டு விரலை வைத்திருந்தார்.

"எப்ப வருது? காலையிலயா?"

மகள் தலையை ஆட்டினாள்.

"சோக்கை இழுத்து விட்டா நிக்குதா?"

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"அப்ப கார்புரேட்டர்லதான் ஏதோ அடச்சிருக்குது. பாத்துப்போட்டு அடுத்த வாரம் சொல்லு" என்று ஃபோனை வைத்தார்.

எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "பெங்களூர்ல புள்ளை கார் வாங்கிட்டாளுங்களாம்மா?" என்று செல்வி அவர் முகத்துக்கு நேரே வந்து கேட்டாள்.

"காராவது ஒண்ணாவது" என்று ஓனரம்மா சிரித்தார். "மெட்ரோவுலதானுங்க போயிட்டு வாரா. ஒருக்கா அதுக்குள்ள இருந்தே பேசுனா, 'அடுத்த ஸ்டேஷன்'னு எழுதி ஓடற பலகை அவ பின்னாடி தெரிஞ்சுபோச்சு. அது இல்லாட்டியும் தெரியாதுங்களா? போன வாரம் டீசல் வண்டிச் சத்தம் பண்ணுனா. இந்த வாரம் கார்புரேட்டர் வண்டிச் சத்தம். இப்ப வர்ற வண்டியில கார்புரேட்டர் ஏதுங்க, சோக்கு ஏதுங்க? எங்கக்கா போன பொறகு நான் யார்கூடவும் பேசறதில்லைன்னு யாரோ சொல்லியிருக்கறாங்க. அப்ப ஆரம்பிச்சா. வாராவாரம் ஒரு ரிப்பேரு."

"தெரிஞ்சா ஏனுங்கம்மா சொல்லலை?" என்றேன் நான்.

அவர் என் வாயைப் பார்த்தார். வழக்கம் போல என்னைத் தள்ளுபடி செய்கிற பார்வைதான்.

"சொல்லிப்போட்டா ரிப்பேர் செரியாயிருமுங்களே தம்பி."

அதற்குள் ஃபோன் மறுபடி அதிர்ந்தது. மேசை அதிர்ந்ததை அவர் கை உணர்ந்துகொண்டது. எடுத்துச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து, காக்கிச் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்தார்.

"என்ன கண்ணு, இன்னும் வருதா? செரி, வாயில பண்ணிக் காட்டு."